முழு உடம்புப் படமும் எச்சில் பரிசோதனையும்: பிரிஸ்பேனில் மெலனோமா சோதனை, எங்கள் அனுபவம்

குடும்பத்தில் யாருக்காவது மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்திருந்தால், அல்லது உடம்பு முழுக்க ஏகப்பட்ட மச்சங்கள் இருந்தால், இந்தச் சோதனைக்குப் பணம் கட்டலாம். முழு உடம்பையும் முப்பரிமாணத்தில் படம் பிடிக்கிறார்கள். கூடவே எச்சிலை வாங்கி மரபணுவையும் பார்க்கிறார்கள். இரண்டையும் ஒரே டாக்டர் ஒன்றாக வைத்துப் படிக்கிறார். பிரிஸ்பேனில் உள்ள ஒரு தனியார் தோல் புற்றுநோய் மையத்தில் நானும் என் மனைவியும் இதற்குப் போனோம். மையத்தின் பெயரைச் சொல்லவில்லை. குறைகளையும் எழுதப் போகிறேன். அது ஒரு இடத்தின் மேல் போட்ட புகாராக மட்டும் நின்றுவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவில் பல ஊர்களில் இந்த மாதிரி சேவை கிடைக்கிறது. எங்கே போனாலும் கேட்க வேண்டியவை கிட்டத்தட்ட இவைதான்.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். நான் தென்காசிப் பக்கம். என் மனைவி டூவூம்பாவுக்கு மேற்கே ஒரு கோதுமைப் பண்ணையில் பிறந்தவள். ஐரிஷ் வம்சம், செம்பட்டை முடி, கொஞ்ச நேரம் வெயிலில் நின்றாலே சிவந்துவிடும் தோல். மாமனாருக்கு முதுகில் வந்த மெலனோமா ஈரலுக்கும் மூளைக்கும் பரவி, அதிலேயே அவர் இறந்தார். பண்ணையில் எடுத்த பழைய புகைப்படங்களில் பாதியில் அவர் சட்டை போடாமல்தான் நிற்கிறார். மனைவியின் அக்காவுக்குத் தோளில் ஒன்று எடுத்தாயிற்று. மனைவிக்கே சில ஆண்டுகளுக்கு முன் கெண்டைக்காலில் ஒன்று. ஆக, ஒரே குடும்பத்தில் மூன்று பேர்.

இந்த மூன்று என்ற எண்ணிக்கை முக்கியம். ஆஸ்திரேலியா போல மெலனோமா அதிகம் உள்ள நாட்டில், பரம்பரைக் காரணம் இருக்கலாமோ என்று மரபணு மருத்துவர்கள் யோசிக்கத் தொடங்குவது இங்கிருந்துதான்: ஒரே ஆளுக்கு மூன்று மெலனோமா, அல்லது நெருங்கிய ரத்த உறவில் மூன்று பேர், அல்லது மெலனோமாவோடு கணையப் புற்றுநோயும் அந்தக் குடும்பத்தில் இருப்பது. மெலனோமா அரிதான நாடுகளில் இரண்டு இருந்தாலே சோதிக்கச் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு 16,000 பேருக்கு மேல் மெலனோமா கண்டுபிடிக்கப்படுகிறது. மாநிலங்களில், பிரிஸ்பேன் இருக்கும் குயின்ஸ்லாந்துதான் முன்னால். பள்ளிக்கூடத்தில் தொப்பி இல்லாத பிள்ளையை மைதானத்துக்கு விடமாட்டார்கள். 2024ஆம் ஆண்டின் ஆஸ்திரேலியர் விருதை வாங்கிய ஜார்ஜினா லாங், ரிச்சர்ட் ஸ்கோலியர் இருவரும் மெலனோமா மருத்துவர்கள். அந்த அளவுக்கு இது இங்கே வீட்டுப் பேச்சு.

இவ்வளவு அவசரம் எதற்கு என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் புற்றுநோயில் ஆழம்தான் எல்லாம். அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க மருத்துவர் 1970இல் அதைக் காட்டினார். கட்டி தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று அளந்தால் நோயாளியின் கதி பெரும்பாலும் தெரிந்துவிடும். இன்றுவரை பயாப்ஸி (வெட்டியெடுத்த திசுவைச் சோதிப்பது) அறிக்கையில் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான். 0.8 மில்லிமீட்டருக்குக் குறைவாக, புண்ணாகாமல் இருந்தால் மிகவும் ஆரம்ப நிலை. மேல்தோலை விட்டு இறங்கவே இல்லையென்றால் வெட்டி எடுத்ததோடு அநேகமாக முடிந்துவிடும். மாமனாருக்குப் பார்த்தபோது 4 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது.

சரி, படத்துக்கு வருகிறேன்.

நாங்கள் போன மையத்தில் இருப்பது வெக்ட்ரா டபிள்யூபி360. அமெரிக்காவின் கேன்ஃபீல்ட் நிறுவனம் செய்வது. ஆளைச் சுற்றி நிற்கும் சட்டத்தில் 92 கேமராக்கள். நடுவில் உள்ளாடையோடு, கைகளைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்து நிற்க வேண்டும். எல்லாக் கேமராவும் ஒரே நேரத்தில் சொடுக்கும், அவ்வளவுதான். கதிர்வீச்சு எதுவும் கிடையாது, சாதாரணக் கேமரா வெளிச்சம்தான். கொஞ்ச நேரத்தில் நம் முழு உருவமும் திரையில் வந்துவிடும். அதைத் திருப்பலாம், தோள்பட்டைக்குக் கீழே பெரிதாக்கலாம், ஒரு மச்சத்தைத் தொட்டால் அது எங்கே, எவ்வளவு அகலம், என்ன நிறம் என்று காட்டும். அடுத்த முறை வரும்போது பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புதிதாக முளைத்தது எது, வளர்ந்தது எது என்று மென்பொருள் பொறுக்கித் தரும்.

என் மனைவியின் முதுகைப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். அவ்வளவு மச்சங்கள். இத்தனை வருடமாக நான்தான் மாதம் ஒரு முறை அதைப் பார்த்து ‘எல்லாம் பழையபடிதான்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எதை வைத்துச் சொன்னேன்? நினைவை வைத்துத்தான். நூறு புள்ளிகளில் ஒன்று போன வருடத்தைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிதாகியிருந்தால் எந்தக் கணவனுக்கும் தெரியாது, எந்த டாக்டருக்கும் தெரியாது. அந்த நினைவு வேலையை இயந்திரத்திடம் ஒப்படைப்பதுதான் இந்தப் படத்தின் முழுப் பயன்.

இதே கருவிகளைக் கொண்டு குயின்ஸ்லாந்து, சிட்னி, மோனாஷ் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஓர் ஆராய்ச்சி வலையமைப்பை நடத்துகின்றன. ஆஸ்திரேலியப் புற்றுநோய் ஆராய்ச்சி அறக்கட்டளை 2018இல் அதற்கு நிதி கொடுத்தது. குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் சோயர் அதன் முன்னோடிகளில் ஒருவர். நாங்கள் போனது அந்த ஆராய்ச்சிக்கு அல்ல, காசு கட்டும் இடத்துக்கு.

போகும் முன் சில தயாரிப்புகள் உண்டு. உடம்பில் கிரீம், பவுடர் எதுவும் கூடாது. நகப்பூச்சை அழித்துவிட்டு வரச் சொன்னார்கள். நம்மவர்களுக்கு நான் சேர்த்துச் சொல்வது மருதாணி. கல்யாணம், தீபாவளி முடிந்த கையோடு நேரம் வாங்காதீர்கள். உள்ளங்கையும் நகமும் சிவந்திருந்தால் அங்கே எதையும் பார்க்க முடியாது. அரைஞாண் கயிற்றைக் கழற்ற வேண்டுமா என்று நான் கேட்டேன். வேண்டாம், படத்துக்குப் பிறகு அதை நகர்த்திவிட்டு அந்த இடத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார் படம் எடுத்த பெண், சொன்னபடியே செய்தார். மனைவிக்குப் பெண் ஊழியர்தான் வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தோம், தயங்காமல் ஒத்துக்கொண்டார்கள். ஆராய்ச்சிக்குப் படத்தைத் தருவதா வேண்டாமா என்பதற்குத் தனிப் படிவம் வைத்திருக்கிறார்கள். அதில் அவசரப்படுத்தவில்லை. இதெல்லாம் சின்ன விஷயங்கள்தான், ஆனால் உடுப்பைக் கழற்றி நிற்கும் இடத்தில் இவைதான் பெரிதாகத் தெரியும்.

படம் முடிந்ததும் டாக்டர் வருவார். மென்பொருள் குறித்துக் கொடுத்த மச்சங்களையும், தன் கண்ணுக்குச் சரியில்லை என்று பட்டவற்றையும் டெர்மாஸ்கோப் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். தோலின் பளபளப்பை ஒதுக்கிவிட்டு அடியில் உள்ள நிற வலையைக் காட்டும் உருப்பெருக்கி அது. தலைமுடியை வகிர்ந்து வகிர்ந்து உச்சந்தலையைப் பார்த்தார். காது மடல், விரலிடுக்கு, எதையும் விடவில்லை. கேமராவுக்கு முடிக்கு அடியில் இருப்பது தெரியாது என்று அவரே சொன்னார். பணம் எதற்குக் கட்டினோம் என்று கேட்டால் இந்த அரை மணி நேரத்துக்குத்தான் என்பேன். இயந்திரம் மட்டும் வைத்துக்கொண்டு, படத்தை எங்கோ அனுப்பி, அறிக்கையைத் தபாலில் தரும் இடமாக இருந்தால் போகாதீர்கள்.

முதல் முறை இரண்டு மச்சங்களை எடுத்தார்கள். இரண்டுமே கெடுதல் இல்லாதவை. இது இந்தச் சோதனையோடு கூடவே வரும் விலை. நிறையப் பார்த்தால் நிறைய வெட்ட வேண்டிவரும். அதிக ஆபத்துள்ளவர்களை வைத்து இதே பிரிஸ்பேனில் நடந்த ஆய்விலும், முப்பரிமாணப் படம் எடுத்துக்கொண்டவர்களிடம்தான் கூடுதலாக வெட்டியெடுத்திருக்கிறார்கள். மனைவியின் இடது தோள்பட்டைக்குக் கீழே இப்போது ஒரு தழும்பு இருக்கிறது, அது வீணாக வந்த தழும்பு. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. குடும்பத்தில் ஒருவருக்கும் மெலனோமா வராத ஒருவர், சும்மா பார்த்து வைப்போமே என்று போய் இப்படித் தழும்போடு திரும்பினால் அது நியாயம் என்று எனக்குத் தோன்றாது.

இனி மரபணு. இதைத்தான் நான் அதிகம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மரபணுச் சோதனை என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சோதனைகள் உலவுகின்றன. ஒன்று, சந்தேகமான மச்சத்தின் மேல் ஒட்டும் பட்டையை ஒட்டி உரித்து, அதில் வரும் செல்களில் எந்த ஜீன்கள் விழித்திருக்கின்றன என்று பார்ப்பது. அமெரிக்காவில் டெர்ம்டெக் நிறுவனம் அதைப் பிரபலமாக்கியது; அந்தச் சோதனை தேடியது லிங்க்00518, ப்ரேம் என்ற இரண்டு ஜீன்களை. பயாப்ஸியைத் தவிர்க்க உதவும் நல்ல யோசனை. உள்ளங்கை, உள்ளங்கால், நகம் இவற்றுக்கு அது செல்லாது. அந்த நிறுவனம் 2024 ஜூனில் திவால் மனு கொடுத்தது. நாங்கள் செய்தது அது இல்லை. எங்களுடையது இரண்டாவது வகை: எச்சிலிலிருந்து, பிறவியிலேயே நாம் கொண்டு வந்த மரபணுவைப் பார்ப்பது. எந்த மச்சம் கெட்டது என்று இது சொல்லாது, யாருடைய தோலை எவ்வளவு நெருக்கமாகக் கவனிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும். பணம் கட்டும் முன் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். வரவேற்பில் இருந்தவருக்கே இந்த வித்தியாசம் தெரியவில்லை.

எச்சில் சோதனையில் மூன்று அடுக்குகள் இருந்தன. முதலாவது, சிடிகேஎன்2ஏ போன்ற ஒற்றை ஜீன்கள். செல் கண்டபடி பெருகாமல் தடுக்கும் புரதங்களுக்கு உரியது இந்த ஜீன். இதில் பழுது இருந்தால் மெலனோமா வரும் வாய்ப்பு மிக அதிகம், கணையப் புற்றுநோய்க்கும் கவனமாக இருக்க வேண்டும். 2002இல் வந்த ஓர் ஆய்வை மரபணு ஆலோசகர் எங்களுக்குக் காட்டினார். அதை என்னால் மறக்க முடியவில்லை. இந்தப் பழுது உள்ள குடும்பங்களில் 80 வயதுக்குள் மெலனோமா வரும் வாய்ப்பு ஐரோப்பாவில் 58 விழுக்காடு, அமெரிக்காவில் 76, ஆஸ்திரேலியாவில் 91. பழுதான ஜீன் ஒன்றேதான், நாடு மாறும்போது வெயில் மாறுகிறது. ‘விதி’ என்று சொல்லிக்கொண்டு தொப்பியைக் கழற்றி வைப்பவர்களிடம் நான் இப்போது இந்த மூன்று எண்களைத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது எம்சி1ஆர். முடியும் தோலும் என்ன நிறம் என்பதில் பெரிய பங்கு இந்த ஜீனுக்கு. இதன் சில வடிவங்கள் அப்பா வழியாக ஒன்று, அம்மா வழியாக ஒன்று என்று இரண்டும் சேர்ந்து வந்தால் செம்பட்டை முடி. ஒன்று மட்டும் வந்தால் முடி கருப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும், வெளியே தெரியாது, ஆனாலும் ஆபத்து கூடுகிறது. மூன்றாவது, தனித்தனியாகப் பார்த்தால் அற்பமான பல மரபணு வேறுபாடுகளைக் கூட்டிப் போடும் ஒரு மதிப்பெண்.

மனைவிக்கு சிடிகேஎன்2ஏ நன்றாக இருந்தது. வீட்டில் எல்லோரும் பெருமூச்சு விட்டோம், ஆலோசகர் உடனே அதைத் திருத்தினார். மெலனோமா ஓடும் குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் இந்த ஜீனில் எதுவும் அகப்படுவதில்லை. அதனால் குடும்பத்தின் ஆபத்து இல்லாமல் போய்விடாது, காரணம் வேறெங்கோ இருக்கிறது என்றுதான் பொருள். எம்சி1ஆரில் இரண்டு பிரதியும் செம்பட்டை வகை. கூட்டு மதிப்பெண் உயர்ந்த பிரிவில்.

செம்பட்டை முடிக்காரிக்கு எம்சி1ஆர் இப்படி இருக்கும் என்று சொல்ல எச்சில் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். மனைவி விஷயத்தில் உண்மைதான், தலையைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்றார் டாக்டர். ஆனால் அக்காவுக்கு அடர்ந்த பழுப்பு முடி. அவருக்கும் பிறகு செய்தார்கள். ஒரு பிரதி இருந்தது. அதுவரை அவர் தன்னைத் தங்கையைவிடப் பத்திரமானவர் என்று நினைத்திருந்தார்.

படமும் மரபணுவும் ஒன்றோடொன்று பேசியது இரண்டாவது முறை போனபோது. மென்பொருள் தொடையின் பின்பக்கத்தில் புதிதாக ஒன்று இருப்பதாகக் குறித்தது. கருப்பே இல்லை. வெளிறிய இளஞ்சிவப்பு, 3 மில்லிமீட்டர் இருக்கும். கொசு கடித்தது என்று எவரும் விட்டுவிடுவார்கள். மெலனோமாவுக்கு எல்லா இடத்திலும் எழுதி ஒட்டியிருக்கும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இது எதிலும் தேறாது: இரு பாதியும் ஒத்திருக்கிறது, ஓரம் ஒழுங்காக இருக்கிறது, ஒரே நிறம், 6 மில்லிமீட்டருக்கும் கீழே. மாற்றம் என்ற ஒன்றுதான் மிச்சம், அதையும் பழைய படம் இருந்ததால்தான் சொல்ல முடிந்தது. டாக்டர் டெர்மாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் பார்த்தார். இந்த எம்சி1ஆர் வகைக்காரர்களுக்கு மெலனோமா வந்தால் நிறமே இல்லாமல் வரும் வாய்ப்பு அதிகம், டெர்மாஸ்கோப்பிலும் வழக்கமான அடையாளங்கள் குறைவாகத்தான் தெரியும், அதனால் கருக்கும் வரை காத்திருக்க மாட்டேன் என்றார். அன்றைக்கே எடுத்துவிட்டார்.

அறிக்கை வந்தது: மெலனோமா, மேல்தோலிலேயே நிற்கிறது, கீழே இறங்கவில்லை. சுற்றிலும் 5 மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து இன்னொரு முறை வெட்டினார்கள். சில தையல்கள். கீமோ இல்லை, வேறு மருந்து இல்லை. அவளுடைய அப்பாவுக்கு இந்த நிலையில் யாராவது பார்த்திருந்தால் என்று அன்று இரவு இருவரும் பேசிக்கொண்டே இருந்தோம்.

இவ்வளவு நல்லதைச் சொன்ன பிறகு, மையம் சொதப்பிய இடத்தையும் சொல்கிறேன். மரபணு அறிக்கை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மின்னஞ்சலில் வந்தது. யாரும் அழைத்துப் பேசவில்லை. முதல் பக்கத்தில் சிவப்புப் பட்டையில் ‘உயர் ஆபத்து’. எதைவிட உயர்வு, எத்தனை விழுக்காடு என்று தெரிய நாலாம் பக்கத்துக்குப் போக வேண்டும், அங்கேயும் பாதி எழுத்துச் சுருக்கங்கள். அப்பாவை இந்த நோய்க்குப் பறிகொடுத்த ஒரு பெண்ணுக்குச் சனி, ஞாயிறு முழுவதும் இதோடு உட்கார்ந்திருக்கும்படி செய்தது அநியாயம். அடுத்த வாரம் பேசிய ஆலோசகர் அருமையான மனிதர். ஒரு மணி நேரம் பொறுமையாக விளக்கினார், மேலே நான் எழுதியதில் பாதி அவர் சொல்லிக் கொடுத்தது. அவர் முதலில் பேசி, பிறகு அறிக்கை வந்திருக்க வேண்டும். எச்சில் கொடுக்கும் முன்பே ‘ஆலோசகர் பேசாமல் அறிக்கையை அனுப்பாதீர்கள்’ என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எச்சில் கொடுக்கும் முன் பேசியிருக்க வேண்டிய இன்னொன்று காப்பீடு. ஆஸ்திரேலியாவில் மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்தை மரபணுவை வைத்துக் கூட்ட முடியாது. ஆயுள் காப்பீட்டுக் கதை வேறு. 2019 ஜூலை முதல் காப்பீட்டு நிறுவனங்கள் தாங்களாகவே ஓர் உச்சவரம்பு வைத்துக்கொண்டன. இறப்புக் காப்பீடு 5 லட்சம் டாலர் வரைக்கும் மரபணு முடிவைக் கேட்பதில்லை என்று. முழுத் தடையே கொண்டு வரப்போவதாக 2024 செப்டம்பரில் அரசு அறிவித்தது. நீங்கள் போகும்போது சட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய தொகைக்கு ஆயுள் காப்பீடு எடுக்கும் எண்ணம் இருந்தால் இதைத் தெரிந்துகொண்ட பிறகு எச்சிலைக் கொடுங்கள். எங்களுக்கு இதைச் சொன்னது மையம் அல்ல, மனைவியின் தோழி.

இனி என் கதை. நம்மவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

தள்ளுபடி என்று சொல்லி எனக்கும் இதே தொகுப்பை விற்றார்கள். எச்சில் குழாயைக் கையில் வைத்திருந்தபோது டாக்டர் வந்து வேண்டாம் என்று நிறுத்தினார். அந்தக் கூட்டு மதிப்பெண் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளி மக்களின் தரவிலிருந்து உருவானது, என்னைப் போன்ற தெற்காசியருக்கு அது என்ன எண்ணைக் காட்டினாலும் நம்ப முடியாது என்றார். பணத்தைத் திருப்பித் தரச் சொன்னார், தந்தார்கள். அந்த நேர்மைக்காகவே அவரிடம் தொடர்ந்து போகிறோம். படம் பார்க்கும் மென்பொருளுக்கும் கிட்டத்தட்ட இதே குறைதான். அது பழகியவை பெரும்பாலும் வெளிர்தோல் படங்கள்.

அதைவிட முக்கியமானது உள்ளங்கால். கருப்பு, மாநிறத் தோல்காரர்களுக்கு மெலனோமா அரிது. வரும்போது அது அடிக்கடி வருவது உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்துக்கு அடியில். ஏக்ரல் மெலனோமா என்பார்கள். அதற்கும் வெயிலுக்கும் பெரிய தொடர்பில்லை. ஜமைக்கப் பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்துக்கு அடியில் வந்தது இந்த வகைதான். 1977இல் கண்டுபிடித்தார்கள், 1981இல் 36 வயதில் போய்விட்டார். 92 கேமரா வைத்த இயந்திரத்தால் உள்ளங்காலைப் பார்க்க முடியாது, நாம் நிற்பதே அதன் மேல்தானே. நம் தோலில் எந்த இடத்தை முதலில் பார்க்க வேண்டுமோ அந்த இடம் படத்தில் வருவதே இல்லை.

எனக்கு இடது உள்ளங்காலில் சின்ன வயதிலிருந்தே ஒரு மச்சம் உண்டு. அங்கே மச்சம் இருந்தால் கடல் தாண்டிப் போவான் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். படத்தில் அது இல்லை என்று நான்தான் சுட்டிக்காட்டினேன். டாக்டர் உடனே படுக்கச் சொல்லி, டெர்மாஸ்கோப் வைத்துப் பார்த்து, திரையில் எனக்கும் காட்டினார். உள்ளங்காலில் கைரேகை போல மேடும் பள்ளமுமாக வரிகள் ஓடுகின்றன. நிறம் பள்ளத்தில் கோடாகப் படிந்திருந்தால் பெரும்பாலும் சாதாரண மச்சம். மேட்டின் மேல் பட்டையாகப் படிந்திருந்தால் ஆபத்து. ஜப்பானிய மருத்துவர்கள் கண்டு சொன்னது இது. அங்கேயும் மெலனோமா அதிகம் வருவது உள்ளங்கால் போன்ற இடங்களில்தான் என்றார். என்னுடையது பள்ளத்தில் இருந்தது. பெரியவனான பிறகு புதிதாக வந்து, 7 மில்லிமீட்டரைத் தாண்டி, தெளிவான நல்ல அமைப்பும் இல்லாமல் இருந்தால் பயாப்ஸி எடுத்துவிடுவார்களாம்.

நகங்களையும் பார்த்தார். நம் ஆட்களில் பலருக்கு நகங்களில் நீளவாக்கில் பழுப்புக் கோடுகள் இருக்கும். பல விரல்களில் மெல்லியதாக இருந்தால் பயப்பட வேண்டாம். ஒரே ஒரு நகத்தில் மட்டும் வந்து, வர வர அகலமாகி, நிறம் நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கும் பரவினால் உடனே போய்க் காட்ட வேண்டும். ‘செருப்புக் கடித்தது’, ‘கல்லில் இடித்துக்கொண்டேன்’ என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடும் புண் உள்ளங்காலில் இருந்தாலும் அப்படித்தான். ஊரில் இருக்கும் அண்ணனுக்குச் சர்க்கரை உண்டு, கால் புண் என்றால் அதோடு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். ஆறாத புண்ணாக இருந்தால் தோல் டாக்டரிடமும் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

மகளைப் பற்றியும் கேட்டோம். அவளுக்கு என் முடி, கன்னங்கரேல் என்று இருக்கிறது. அம்மாவிடம் இருக்கும் இரண்டு எம்சி1ஆர் பிரதியும் செம்பட்டை வகை என்பதால் அதில் ஒன்று அவளிடம் கட்டாயம் இருக்கும், அதற்குச் சோதனையே தேவையில்லை. மற்றவற்றைப் பதினெட்டு வயதுக்குப் பிறகு அவள் விரும்பினால் பார்க்கலாம் என்றார் ஆலோசகர். ‘உன் தோல் எங்கள் பக்கம், உனக்கு ஒன்றும் ஆகாது’ என்று நம் சொந்தக்காரர்கள் அவளிடம் சொல்வதை மட்டும் நான் நிறுத்திவிட்டேன். நீச்சலுக்குப் போகும்போது முழுக்கை உடை, புறஊதாக் குறியீடு 3ஐத் தொட்டால் சன்ஸ்கிரீன். அதில் பேரம் கிடையாது.

செலவு. படத்துக்கும் டாக்டர் பார்வைக்கும் சேர்த்து ஓர் ஆளுக்கு 500 டாலரை ஒட்டி ஆனது. முழு உடம்புப் படத்துக்கு அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் எதுவும் தருவதில்லை, டாக்டரைப் பார்த்த பகுதிக்கு மட்டும் கொஞ்சம் திரும்ப வந்தது. மரபணுவுக்குத் தனிக் கட்டணம். படத்துக்கும் டாக்டருக்கும் ஐந்துக்கு ஐந்து தருவேன். மரபணு அறிக்கை தந்த விதத்துக்கு இரண்டுக்கு மேல் மனசு வரவில்லை. வரவேற்பில் தொகுப்பை விற்கும் அவசரத்துக்கு ஒன்று.

பிரிஸ்பேன் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு: உங்கள் வீட்டில் மெலனோமா வரலாறு இல்லையென்றால் இந்தத் தொகுப்பு உங்களுக்கு வேண்டாம். வழக்கமாகப் பார்க்கும் குடும்ப டாக்டரான ஜிபியிடம் தோல் சோதனைக்கு நேரம் வாங்கி, காலுறையைக் கழற்றி, பாதத்தையும் நகங்களையும் பார்க்கச் சொன்னால் போதும். வீட்டில் வெள்ளைக்கார மருமகனோ மருமகளோ இருந்து, அவர்கள் பக்கத்தில் மூன்று பேர் கணக்கு தேறுகிறது என்றால், தனியாரிடம் எச்சில் கொடுக்கும் முன் ஜிபியிடம் ரெஃபரல் (பரிந்துரைக் கடிதம்) கேளுங்கள். அரசின் ஜெனெட்டிக் ஹெல்த் குயின்ஸ்லாந்து பிரிவில் ஆலோசகர் முதலில் உட்கார்ந்து பேசுவார், தேவைப்பட்டால்தான் சோதனைக்கே போவார்கள். காத்திருக்க வேண்டியிருக்கும். அதுவரை படத்தை மட்டும் எடுத்து வையுங்கள், அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.